நானே மண்ணும் சாம்பலும்

(திருநீற்றுப் புதனை ஒட்டி ஒலிபரப்பான வானொலி மறையுரை. கேட்க இயலாமல் போன பங்கு மக்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)

வாசகங்கள்: தொடக்க நூல் 18:16-33; சாலமோனின் ஞானம் 15:7-13; மத்தேயு 11:20-24



திருநீற்றுப் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பல் பூசுகிறார். பூசும்போது அவர் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். நாம் மண், மண்ணுக்கே திரும்புவோம் என்று நினைவூட்டுகிறார். கையில் இருப்பது சாம்பல்; வாயில் வருவது மண். மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு ஏன் சாம்பலைப் பூச வேண்டும்? வாசலில் ஒரு பிடி மண் அள்ளிப் பூசியிருக்கலாமே? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விதான் இது. பெரியவர்களாகிய நாம் கேட்பதை விட்டுவிட்டோம்.

மண் வேறு, சாம்பல் வேறு. மண் எரிந்து வந்ததன்று; அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சாம்பலோ ஒரு காலத்தில் வேறொன்றாக இருந்தது. மரமாக இருந்தது, வைக்கோலாக இருந்தது. நம் நெற்றிக்கு வரும் சாம்பல் போன ஆண்டு குருத்தோலையாக இருந்தது. நெருப்பு அதைக் கடந்து போயிருக்கிறது. 'நீ மண்' என்றால் நீ படைக்கப்பட்டவன் என்று பொருள். 'நீ சாம்பல்' என்றால் உன் வாழ்க்கையில் ஏதோ எரிந்து போயிருக்கிறது என்று பொருள். முதலாவது நம் இயல்பு. இரண்டாவது நம் வரலாறு.

இந்த இரண்டு சொற்களையும் முதலில் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னவர் நம் விசுவாசத்தின் தந்தை ஆபிரகாம். தொடக்க நூல் 18ஆம் அதிகாரம், 27ஆம் வசனம். எபிரேய மொழியில் மண்ணுக்கு, தூசிக்கு, அஃபார் என்றும் சாம்பலுக்கு ஏஃபெர் என்றும் பெயர். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். பின்னர் யூதர்கள் தங்கள் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, எழுபதின்மர் பெயர்ப்பு என்று நாம் சொல்லும் அந்தப் பெயர்ப்பில், மண்ணுக்குக் 'கே' என்றும் சாம்பலுக்கு 'ஸ்பொதோஸ்' என்றும் எழுதினார்கள். ஆண்டவரின் போதனையை நற்செய்தியாளர்கள் எழுதியபோதும் இதே ஸ்பொதோஸ் வருகிறது. இன்று இந்த ஒரு சொல்லோடு சற்று நேரம் உட்கார்ந்திருப்போம்.

'மறையுரையில் இலக்கணமா, சாமி?' என்று யாராவது கேட்டால், அவர்களைக் கோணான்குப்பத்துக்கு அனுப்பிவையுங்கள். நான் பேசுவது கடலூர் மாவட்டத்து மங்களூர் மக்களை மனத்தில் வைத்து. கர்நாடகத்துக் கடற்கரை மங்களூர் அல்ல. நமக்குப் பக்கத்தில், விருத்தாசலம் பகுதியிலேயே இருக்கிறது கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம். அந்த அன்னையை நமக்குத் தந்த வீரமாமுனிவர் என்ன செய்தார்? இத்தாலியில் பிறந்தவர், இங்கே வந்து தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1732இல் சதுரகராதி என்னும் அகராதியைத் தொகுத்தார். ஒரு சொல்லைப் பொறுமையாகப் பார்ப்பது இறைவேண்டலுக்குப் பகையன்று என்பதை நம் மண்ணிலேயே வாழ்ந்து காட்டியவர் அவர்.

சரி, ஸ்பொதோஸ். இந்தச் சொல்லின் உருவத்தைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு: ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாதது. நாம் சாம்பலை அஃறிணை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். கிரேக்கர் அப்படிப் போக முடியாது. 'ஓஸ்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலானவை ஆண்பால். லோகோஸ், அதாவது வாக்கு, ஆண்பால். ஆந்த்ரோபோஸ், அதாவது மனிதன், அதுவும் ஆண்பால் வடிவம். விருத்தாசலத்துக்காரர்களுக்கு நன்கு பழக்கமான 'செராமிக்' என்ற சொல்லுக்குத் தாயான கெரமோஸ், அதாவது குயவன் களிமண், அதுவும் ஆண்பால். அப்படியானால் ஸ்பொதோஸும் ஆண்பால்தானே?

இல்லை. ஸ்பொதோஸ் பெண்பால். அதற்கு முன்னால் 'ஹோ' என்ற ஆண்பால் சுட்டு வராது. 'ஹே' என்ற பெண்பால் சுட்டுத்தான் வரும். இப்படிச் சில சொற்கள் கிரேக்கத்தில் உண்டு. வழி என்று பொருள்படும் ஹொதோஸ், மணல் என்று பொருள்படும் அம்மோஸ், செங்கல் என்று பொருள்படும் பிளிந்தோஸ், எல்லாம் உருவத்தில் ஆண்பால் போலிருந்து உண்மையில் பெண்பாலாக நிற்பவை. கிரேக்கம் படிக்கத் தொடங்கும் குருமாணவர்கள் முதலில் இடறும் இடம் இது. ஆசிரியர் ஒரே ஒரு புத்தி சொல்வார்: கடைசி எழுத்தைப் பார்த்து முடிவு கட்டாதே, முன்னால் யார் நிற்கிறார் என்று பார்.

அன்பார்ந்தவர்களே, அந்தப் புத்தி இலக்கணத்துக்கு மட்டுமா? திருநீற்றுப் புதனன்று ஆலயத்திலிருந்து வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். எல்லா நெற்றியிலும் ஒரே சாம்பல். உள்ளே ஒருவர் அழுதுகொண்டு வருகிறார். ஒருவர் வழக்கத்துக்காக வருகிறார். ஒருவர் அண்ணன் தம்பியோடு பேசி ஆறு ஆண்டு ஆகியும் சாம்பலை மட்டும் தவறாமல் பூசிக்கொள்கிறார். வெளி உருவம் ஒன்றுதான். அந்த மனிதர் யார் முன்னால் நிற்கிறார் என்பதுதான் வேறுபாடு. தவக்காலத்தின் முதல் நாளிலேயே நம் ஆண்டவர், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லும் நற்செய்தி வாசிக்கப்படுவது தற்செயல் அன்று.

அடுத்து, இந்தச் சொல் எங்கே பிறந்தது? சொற்களுக்கும் குடும்பம் உண்டு. நம் 'சாம்பல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாம்புதல்' என்றால் வாடுதல், ஒடுங்குதல். அந்த வினையின் பிள்ளைதான் சாம்பல்: வாடி ஒடுங்கியது. கிரேக்கத்தில் சாம்பலுக்கு இன்னொரு சொல் இருக்கிறது: தெஃப்ரா. எரிமலை கக்கும் சாம்பலையும் கல்துகளையும் இன்று அறிவியலார் இந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள். இந்தத் தெஃப்ராவுக்குக் குடும்பம் நன்றாகத் தெரியும். எரித்தல் என்று பொருள்படும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்தது. அதே வேர் வடமொழியிலும் இறங்கி, அங்கிருந்து நம் பேச்சுக்குள் 'தகனம்' என்று வந்திருக்கிறது. ஆக, கிரேக்கனின் தெஃப்ராவும் நாம் சொல்லும் தகனமும் தூரத்து உறவுகள்.

தகனம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு கனக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியின்றித் தங்கள் உறவுகளை எரியூட்டக் கொடுத்தவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு கலசம் மட்டும் வந்துசேர்ந்த வீடுகள் உண்டு. 'எரிந்தவர் எப்படி உயிர்ப்பார்?' என்ற கேள்வி அவர்களை இன்னும் அரிக்கிறது. அவர்களுக்குச் சொல்கிறேன். உயிர்ப்பின் விசுவாசத்தை மறுப்பதற்காக அல்லாத எரியூட்டலைத் திருஅவை 1963ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டது. அடக்கம் செய்வதையே இன்றும் விரும்பிப் பரிந்துரைக்கிறது. 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலை இறைக்காமல் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. அவ்வளவுதான். ஆபிரகாம் மண் என்றும் சொன்னார், சாம்பல் என்றும் சொன்னார். மண்ணிலிருந்து நம்மை எடுத்தவருக்குச் சாம்பல் தடையாக இருக்க முடியாது.

தெஃப்ராவின் குடும்பம் தெரிகிறது. ஸ்பொதோஸின் குடும்பம்? கிரேக்கச் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டினால், வேர் தெரியாத சொல் என்றே எழுதியிருக்கும். கிரேக்கர் அந்த நாட்டுக்கு வருமுன் அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியின் மிச்சமாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. குலம் கோத்திரம் தெரியாத சொல்!

எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அடுப்பிலிருந்து ஒரு கைப்பிடி சாம்பலை அள்ளி, இது வேம்பா, புளியா, கருவேலமா, சந்தனமா என்று பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விறகாக இருந்தபோது இருந்த உயர்வு தாழ்வெல்லாம் அடுப்போடு போயிற்று. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே கிண்ணத்துச் சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாதி பார்க்கிறோம். இறந்தவர்களைக்கூடப் பிரித்து, கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நெற்றியில் ஸ்பொதோஸ், மனத்தில் குலப்பட்டியல். இரண்டும் எப்படி ஒரே தலையில் இருக்க முடியும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். ஸ்பொதோஸ் என்ற சொல்லைத் திருவிவிலியத்தில் யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று இந்த மூன்று இடங்களில் பிரித்துப் பார்த்தால் ஒரு பேருண்மை தெரிகிறது.

படர்க்கையில் தொடங்குவோம். சாலமோனின் ஞானம் 15ஆம் அதிகாரம். இது கிரேக்க மொழியிலேயே எழுதப்பட்ட நூல். அங்கே ஒரு குயவன் வருகிறான். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பீங்கான் பொம்மை, ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு என்று களிமண்ணால் பிழைக்கும் குடும்பங்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும். பதற வேண்டாம். ஞான நூல் உங்கள் தொழிலைப் பழிக்கவில்லை. கடவுளையே குயவராகக் காட்டியவர் எரேமியா இறைவாக்கினர். ஞான நூல் கண்டிக்கும் குயவன் வேறு. தானும் சற்று முன்னர்தான் அதே மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவன் என்பதை மறந்தவன் அவன். வாழ்க்கையை இலாபச் சந்தை என்று நினைக்கிறவன். தீமையிலிருந்தாவது பணம் பண்ணிவிட வேண்டும் என்பவன். தன்னை உருவாக்கியவரை அறியாதவன். அவனைப் பற்றி நூல் தரும் தீர்ப்பு: அவனுடைய இதயம் சாம்பல்.

அந்தக் கிரேக்க வாக்கியத்தில் 'இருக்கிறது' என்ற வினைச்சொல்லே இல்லை. 'சாம்பல் அவன் இதயம்', அவ்வளவுதான். இது நமக்குப் புதிதன்று. 'அவர் ஆசிரியர்', 'இது வீடு' என்று வினை இல்லாமல் பேசுவது நம் தமிழுக்கும் இயல்பு. வினை இல்லாத வாக்கியத்தில் காலம் இல்லை. நேற்று, நாளை என்பது இல்லை. தீர்ப்பு எழுதிப் பேனாவை ஒடித்தது போல் அது நிற்கிறது.

மறைநூல் அப்படித் தீர்ப்பு எழுதலாம். நாம் எழுதலாமா? யோசித்துப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை பேரைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொல்கிறோம். 'அவனா? அவன் தேறமாட்டான்.' 'அந்தக் குடும்பமா? அது சாம்பலாய்ப் போன குடும்பம்.' 'என் மருமகளா? அவள் மனசு செத்த மனசு.' படர்க்கையில் சாம்பலைச் சொல்வது மிக எளிது. கையில் கறை படாது.

இனி தன்மைக்கு வருவோம். ஆபிரகாம். அவர் எந்த நேரத்தில் தன்னை மண்ணும் சாம்பலும் என்று சொன்னார்? தனக்காக எதையும் கேட்டபோது அல்ல. சோதோம் நகரத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோது சொன்னார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் நகரத்தை மன்னிப்பீரா என்று கேட்டாயிற்று. ஆண்டவர் சரி என்றார். அடுத்து நாற்பத்தைந்து என்று இறங்குமுன், துணிந்து பேசுவதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல, நான் மண்ணும் சாம்பலும்தான் என்கிறார். அதன்பின் நாற்பது, முப்பது, இருபது, பத்து. சந்தையில் காய்கறிக்குப் பேரம் பேசுவதுபோலப் பாவிகளுக்காகப் பேரம் பேசுகிறார்.

எபிரேயத்தில் இந்த வாக்கியத்திலும் வினை இல்லை. ஆனால் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'எய்மி' என்ற தன்மை வினையைச் சேர்த்தார்கள்: நான் இருக்கிறேன். குயவனின் வாக்கியத்தில் இல்லாத உயிர் இங்கே இருக்கிறது. தன்னைச் சாம்பல் என்று சொல்லிக்கொள்ளும் மனிதன் இருக்கிறான், பேசுகிறான், கடவுள் முன் நிற்கிறான், பிறருக்காக வாய் திறக்கிறான். அதே சொல்தான். அடுத்தவர்மேல் போட்டால் தீர்ப்பு. தன்மேல் போட்டுக்கொண்டால் மன்றாட்டு.

சோதோமைத் தூரத்திலிருந்து பார்த்து 'அந்த ஊர் சாம்பலாகட்டும்' என்று ஆபிரகாம் சொல்லியிருக்கலாம். அங்கே அவர் தம்பி மகன் லோத்து இருந்தான் என்பது உண்மை. ஆனால் அவனை மட்டும் காப்பாற்றும் என்று அவர் கேட்கவில்லை; முழு ஊரையும் கேட்டார். பத்துப் பேர்கூட இல்லாமல் போனது சோதோமின் துயரம். பின்னாளில் பேதுருவின் இரண்டாம் திருமுகம் சோதோம் சாம்பலானதைச் சொல்லும்போது ஸ்பொதோஸைப் பயன்படுத்தவில்லை. தெஃப்ராவிலிருந்து பிறந்த வினையைப் பயன்படுத்துகிறது. புதிய ஏற்பாட்டிலேயே அந்த வினை அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. மன்றாடிய மனிதனுக்கு ஒரு சாம்பல். மனம் மாறாத நகரத்துக்கு வேறொரு சாம்பல்.

அதே 18ஆம் அதிகாரத்தில் இன்னொரு சாம்பலும் ஒளிந்திருக்கிறது. அதிகாரத்தின் தொடக்கத்தில் மூன்று விருந்தினர் வருகிறார்கள். ஆபிரகாம் ஓடிப்போய்ச் சாராவிடம் மாவு பிசைந்து அப்பம் சுடச் சொல்கிறார். கிரேக்கப் பெயர்ப்பில் அந்த அப்பத்துக்கு 'மறைத்து வைக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு பெயர். ஏனென்றால் அதைச் சூடான சாம்பலுக்குள் புதைத்துச் சுடுவார்கள். பாலைநிலத்தில் சாக விரும்பிப் படுத்த எலியாவை வானதூதர் தட்டி எழுப்பிக் கொடுத்த அப்பத்துக்கும் கிரேக்கத்தில் இதே பெயர்தான். ஆக, சாம்பல் என்றால் அழிவு மட்டும் அல்ல. அது சூட்டைக் காத்து வைக்கும். எரிவாயு அடுப்பு வருமுன் நம் பாட்டிமார் இரவில் கங்கைச் சாம்பலால் மூடி வைத்து, விடியற்காலையில் ஊதி அடுப்பை மூட்டினார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். நீங்கள் 'செத்த மனசு' என்று எழுதி முடித்த அந்த மனிதருக்குள் ஒரு கங்கு கிடக்கலாம். ஊதிப் பார்த்தீர்களா?

இனி நம் ஆண்டவரின் வாயிலிருந்து வரும் ஸ்பொதோஸ். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மூன்றே முறை வருகிறது. எபிரேயர் திருமுகத்தில் ஒரு முறை: பழைய சட்டப்படி தூய்மைக்காகத் தெளிக்கப்பட்ட கிடாரியின் சாம்பல். மற்ற இரண்டும் ஆண்டவரின் ஒரே கூற்று. மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிறது. கொராசின், பெத்சாய்தா ஊர்களைப் பார்த்து வருந்துகிறார். உங்களிடம் செய்த வல்ல செயல்களைப் பிற இனத்தார் நகரங்களாகிய தீரிலும் சீதோனிலும் செய்திருந்தால், அவர்கள் எப்போதோ சாக்கிலும் சாம்பலிலும் மனம் மாறியிருப்பார்கள் என்கிறார்.

இந்த வாக்கியத்தின் இலக்கணம் மனத்தைத் தைக்கிறது. 'செய்திருந்தால், மாறியிருப்பார்கள்.' நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியம். 'மழை பெய்திருந்தால் மக்காச்சோளம் பிழைத்திருக்கும்' என்று மானாவாரி விவசாயி சொல்கிறாரே, அந்த மாதிரி. நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும் சாம்பல், யாரும் பூசாத சாம்பல். பூசியிருக்க வேண்டியவர்கள் பூசவில்லை. பூசியிருக்கக் கூடியவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை.

இன்னும் இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள். கப்பர்நாகூமைப் பார்த்து அவர் சொல்கிறார்: சோதோமில் இவை நடந்திருந்தால் அது இன்றுவரை நிலைத்திருக்கும். சோதோம்! ஆபிரகாம் பத்துப் பேரில் நிறுத்திய மன்றாட்டை ஆண்டவர் மறக்கவில்லை. எல்லோரும் சாம்பல் என்று கைவிட்ட ஊரைப் பற்றி, அது மனம் மாறியிருக்கும் என்று நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு மட்டும் முடிகிறது.

சாக்கு என்று சொன்னேன். கிரேக்கத்தில் 'சக்கோஸ்'. நாம் நெல் மூட்டை கட்டும் சாக்கும் ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்த அதே சொல்தான். ஆனால் தமிழில் சாக்குக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'சாக்குச் சொல்லாதே' என்கிறோம். மனம் மாறச் சாக்கு உடுத்திக்கொண்டார்கள் அவர்கள். மனம் மாறாதிருக்கச் சாக்குச் சொல்கிறோம் நாம். 'அவன் முதலில் வரட்டும், நான் பேசுகிறேன்.' 'பிள்ளை கல்யாணம் முடியட்டும்.' 'சொத்துப் பங்கு தீரட்டும்.' எல்லாம் 'இருந்தால், இருப்பேன்' என்ற அதே இலக்கணம். கொராசினின் இலக்கணம். கடைசியில் சவப்பெட்டியின் முன் நின்று, 'பேசியிருக்கலாம்' என்று சொல்வதோடு முடிகிறது.

இதிலிருந்து வெளியே வர வழி? எசாயா 61ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் ஆண்டவர் எடுத்து வாசித்த பகுதி அதன் தொடக்கம். அவர் வாசித்து நிறுத்திய இடத்துக்கு அடுத்த வசனத்தில், துயருறுவோருக்குச் சாம்பலுக்குப் பதிலாக அழகிய தலைப்பாகை தரப்படும் என்ற வாக்குறுதி வருகிறது. எபிரேயத்தில் இது ஓர் அழகான எழுத்து விளையாட்டு. சாம்பலுக்கு ஏஃபெர், தலைப்பாகைக்குப் பெஏர். மூன்றே மெய்யெழுத்துகள். அவைதாம் இரண்டிலும் இருக்கின்றன. முதலிரண்டும் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே வேறுபாடு. கடவுள் உங்கள் சாம்பலைக் கொட்டிவிட்டு வேறு பொருள் வாங்கப் போவதில்லை. இருப்பதையே இடம் மாற்றி வைக்கிறார்.

சூளை வேலை தெரிந்தவர்களுக்கு இது கதையல்ல. மரச்சாம்பலைக் கரைத்துக் களிமண் பாண்டத்தின்மேல் பூசி, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால், சாம்பல் உருகி மண்ணோடு சேர்ந்து கண்ணாடிபோல் மின்னும் மெருகாகிவிடும். சீனாவில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தை தெரியும். போன் சைனா என்று கடையில் வாங்கும் மெல்லிய வெள்ளைக் கோப்பையில் ஏறக்குறைய பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். மண்ணும் சாம்பலும் தனித்தனியே கிடந்தால் காலில் மிதிபடும். குயவர் கையில் சேர்ந்தால் பலிபீடத்துக்குப் பூச்சாடியாகும்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, புதனன்று குருவானவர் உங்களை நோக்கி முன்னிலையில் பேசினார்: 'நீ'. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. பதில் இரண்டு வகையில் வரலாம். 'ஆம், அவன் அப்படித்தான்' என்று படர்க்கைக்குத் தள்ளிவிடலாம். அல்லது 'ஆம் ஆண்டவரே, நானே' என்று தன்மையில் சொல்லலாம்.

இந்தத் தவக்காலத்தில் ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நீங்கள் 'தேறமாட்டார்' என்று எழுதி முடித்துவிட்ட ஒருவரின் பெயரை மனத்தில் எடுங்கள். அண்ணனாக இருக்கலாம், பங்காளியாக இருக்கலாம், குடித்துக் குடித்துக் குடும்பத்தைக் கெடுத்த தகப்பனாக இருக்கலாம். அவர் செய்த தீமையைத் தீமை அல்ல என்று சொல்லச் சொல்லவில்லை. அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருங்கள் என்றும் சொல்லவில்லை. சோதோமின் பாவம் பாவம் அல்ல என்று ஆபிரகாமும் சொல்லவில்லை. இரவில் படுக்கப் போகுமுன், 'ஆண்டவரே, நானும் மண்ணும் சாம்பலும்தான். ஆனாலும் இவருக்காகக் கேட்கிறேன்' என்று நாற்பது நாளும் ஒரு முறை சொல்லுங்கள். போனில் பேச முடிந்தால் பேசுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்போது, அவர் செய்ததைச் சொல்லி நேரத்தைக் கழிக்காமல், நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். அங்கே தன்மைக்கு மட்டும்தான் இடம்.

நெற்றிச் சாம்பல் அன்று மாலைக்குள் வியர்வையில் கரைந்திருக்கும். கரையட்டும். அது நெற்றியில் இருப்பதற்காகப் பூசப்பட்டதன்று.

மண்ணிலிருந்து நம்மை வனைந்த ஆண்டவர், எரிந்துபோன நம் நாட்களையும் தம் கையில் எடுத்து, தம் மகனின் உயிர்ப்பில் புதிய பாண்டமாக ஆக்கியருள்வாராக. பெரியநாயகி அன்னை நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.